பேக், பேக், பேக்: ஆங்கில மெய்யொலிகளைப் பிரித்துக் கேட்கப் பழக்குவது எப்படி?

‘துணியெல்லாம் பேக் பண்ணியாச்சா?’, ‘ஸ்கூல் பேக் எங்கே?’, ‘வண்டியைக் கொஞ்சம் பேக் எடு.’ மூன்றிலும் நாம் எழுதுவது ஒரே பேக். ஆங்கிலத்தில் இவை மூன்று தனிச்சொற்கள். பலர் வாயிலும் இவை ஒன்றாகத்தான் வருகின்றன, ஏனென்றால் காதிலும் ஒன்றாகத்தான் விழுகின்றன. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் புதிதாக உட்காருபவர்கள் முதலில் வாயைத் திருத்தப் பார்ப்பார்கள். காதிலிருந்து தொடங்கினால் வேலை பாதியாகக் குறையும். அதைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் எழுத்துக்கு ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். ஸ்தோத்திரப் புத்தகங்களில் வடமொழி ஒலிகளைக் காட்ட எழுத்தின் தலையில் எண் போட்டு அச்சடிப்பார்கள் அல்லவா? அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். ‘பம்பரம்’ என்பதில் முதலில் வருவது ப, நடுவில் வருவது ப³. இதேபோல் க³, ட³. ‘ஸ்’ என்ற ஒலியோடு தொண்டை அதிர்வும் சேர்ந்தால் ஸ்³, அதாவது ஆங்கிலத்தின் கடைசி எழுத்தின் ஒலி. ஆக, துணி பேக் செய்வது ‘பேக்’, பின்பக்கம் ‘பே³க்’, பை ‘பே³க்³’. வகுப்பில் ஆங்கில எழுத்தையே பயன்படுத்துங்கள். இந்தக் குறி நமக்குள் பேசிக்கொள்ள மட்டும்தான்.

ஏன் கேட்பதில்லை?

ப³ தமிழனுக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தம்பி, பம்பரம், கம்பு எல்லாவற்றிலும் அது வந்துகொண்டுதான் இருக்கிறது. தங்கையில் க³ இருக்கிறது, வண்டியில் ட³ இருக்கிறது, இஞ்சியில் ஜ இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான், அவை எங்கே வரவேண்டும் என்பதைத் தமிழே முடிவு செய்துவிடுகிறது. மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் அதிரும், இரட்டித்தால் அதிராது, தூய தமிழ்ச்சொல்லின் தொடக்கத்திலும் அதிராது. இடத்தை வைத்தே தெரிந்துவிடுவதால், அதிர்கிறதா இல்லையா என்று கவனிக்கும் வேலை காதுக்கு இல்லை. வேலை இல்லாத ஒன்றைக் காது சீக்கிரமே கைவிட்டுவிடும்.

இதைக் குழந்தைகளிடம் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாத வயதில் இந்தியின் த, ட வேறுபாட்டைப் பிரித்துக் கேட்டன. பத்துப் பன்னிரண்டு மாதம் ஆனதும் பெரும்பாலான குழந்தைகளால் அது முடியவில்லை. நமக்குப் பகல் வெளிச்சம்போல் தெரியும் த-வும் ட-வும் ஆங்கிலேயர் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். மாணவர் சோர்ந்து போகும்போது இதைச் சொல்லிவையுங்கள், கொஞ்சம் தெம்பு வரும்.

முதல் படி: எந்த ஜோடி வேண்டும், எது வேண்டாம்

ஆங்கிலத்தில் வழக்கமாக 24 மெய்யொலிகள் என்று கணக்கு வைப்பார்கள். எல்லாவற்றையும் வரிசையாக எடுக்கத் தேவையில்லை. பொதுவான உச்சரிப்புப் பயிற்சி நூல்கள் பலவற்றில் ல-வுக்கும் ர-வுக்கும் பக்கம் பக்கமாகப் பயிற்சி இருக்கும். அது ஜப்பானியர் போன்றவர்களுக்காக எழுதியது. ல, ள, ழ, ர, ற என்று புழங்குகிற நமக்கு அந்தப் பக்கங்களைத் திருப்பிவிட்டுப் போகலாம். மெல்லியது என்று பொருள்படும் ‘தின்’, தகரம் என்று பொருள்படும் ‘டின்’, இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. நம் த சரியாக ஆங்கில ஒலி அல்லதான். அதற்கு நாக்கு நுனி பல்லைத் தொட்டு அடைக்காமல் இடுக்கில் காற்றை விடவேண்டும். ஆனாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் பேசுபவர்களுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடங்கள் இவை: ப/ப³, க/க³, ட/ட³ ஆகிய அடைப்பொலிகள், ஸ்/ஸ்³, அதோடு அந்த ஸ்³ ஜ-வாக மாறுவது, ப/ஃப, ‘வி’ எழுத்தும் ‘டபிள்யூ’ எழுத்தும், ஸ/ஷ/ச. எல்லோருக்கும் எல்லாமும் தடுமாறாது. ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

அதற்கு ஒரு சின்னச் சோதனை போதும். இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லி, ‘ஒன்றா, வேறா?’ என்று மட்டும் கேளுங்கள். கரடியும் பேரிக்காயும் (பே³ர், பேர்), ஆடும் மேல்சட்டையும் (கோ³ட், கோட்), விலையும் பரிசும் (ப்ரைஸ், ப்ரைஸ்³) என்று கலந்து சொல்லுங்கள். நடுநடுவே ஒரே சொல்லை இரண்டு தடவையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ‘வேறு’, ‘வேறு’ என்று சொல்லியே தப்பித்துவிடுவார்கள். எந்த ஜோடியில் தடுமாறுகிறாரோ அதுதான் அவருக்கான பாடம். ஒரு நேரத்தில் ஒரு ஜோடி மட்டும்.

இரண்டாம் படி: வாயை மூடிக்கொண்டு கேட்பது

இந்தப் படியில் மாணவர் எதையும் உச்சரிக்கக் கூடாது. அவருக்குக் கை துறுதுறுக்கும், உங்களுக்கும்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். சரியாகக் கேட்காத ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால், தவறாகச் சொன்னதையே தன் காதால் கேட்டுக் கேட்டு அதையே உறுதியாக்கிக்கொள்வார்.

கரும்பலகையில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றின் தலையில் 1, மற்றதில் 2. முதல் பத்தியில் பேர், பேக், பேட் என்று ப-வில் தொடங்கும் சொற்கள், இரண்டாவதில் அவற்றின் ப³ ஜோடிகள், ஆங்கில எழுத்தில். ஒவ்வொன்றுக்கும் பொருளைச் சொல்லி, முடிந்தால் படமும் வரைந்துவிடுங்கள். பொருள் இல்லாத ஒலியில் மனசு நிற்காது. இரண்டு பத்தியையும் மேலிருந்து கீழாக நிதானமாக வாசியுங்கள். அப்புறம் ஜோடி ஜோடியாகக் குறுக்கே வாசியுங்கள்.

இப்போது ஒரு தாளை வாய்க்கு முன்னால், உதட்டில் படாமல் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லைச் சொல்லுங்கள். மாணவர்கள் ஒரு விரலோ இரண்டு விரலோ காட்டவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு காட்டச் சொல்வது முக்கியம், இல்லாவிட்டால் முன்வரிசையில் கெட்டிக்காரப் பெண் காட்டுவதை வகுப்பே காட்டும். எந்தச் சொல்லைச் சொல்வது என்று நாணயம் சுண்டி முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மனசுக்குத் தோன்றியபடி சொன்னால் நம்மை அறியாமல் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாற்றி மாற்றித்தான் சொல்வோம், பிள்ளைகள் அந்தத் தாளத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னொரு கண்ணி, நம்மில் பலர் சந்தேகமான சொல்லைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிடுவோம். காது பிடிப்பது ஒலியையா உங்கள் சத்தத்தையா என்று தெரியாமல் போகும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் உடனே விடை தெரியவேண்டும். ‘தப்பு’ என்பதோடு நிறுத்தாமல், ‘நான் சொன்னது இது… பே³ர். நீ நினைத்தது இது… பேர். இன்னொரு தடவை… பே³ர்’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். தவறு நடந்த அந்த நொடியில்தான் காது விழித்திருக்கும்.

மதிப்பெண்ணில் ஏமாந்துவிடாதீர்கள். இரண்டில் ஒன்று என்ற கேள்வியில், காதைப் பொத்திக்கொண்டு விரல் காட்டினாலும் பத்துக்கு ஐந்து வரும். ஆறு வந்தால் ‘பரவாயில்லையே’ என்று அடுத்த படிக்குப் போகாதீர்கள், அங்கே இன்னும் எதுவும் நடக்கவில்லை. இருபது சொல்லுக்குப் பதினெட்டு, அதுவும் இரண்டு வெவ்வேறு நாளில் வந்தால் சரி. தினமும் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மூன்றாம் படி: குரலை மாற்றுங்கள்

உங்கள் குரலில் இருபதுக்கு இருபது வாங்குபவர் வேறொருவர் பேசினால் திருதிருவென விழிப்பார். இது அவர் குற்றம் இல்லை. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் ஜப்பானியர்களுக்கு ஆங்கில ர, ல ஒலிகளைப் பழக்கிய ஆய்வை 1991இல் வெளியிட்டார்கள். பல பேருடைய குரலில் பயிற்சி கொடுத்தபோது முன்னேற்றம் தெரிந்தது. 1993இல் வந்த அடுத்த ஆய்வில் ஒரே ஒருவர் குரலில் மட்டும் பழக்கிப் பார்த்தார்கள். அந்தக் குரலில் தேறினார்கள், புதுக் குரல் வந்ததும் அந்தத் தேர்ச்சி கூடவே வரவில்லை.

ஆகவே ஒரே சொல்லை ஆண், பெண், குழந்தை, பிரிட்டிஷ்காரர், அமெரிக்கர் என்று பல குரலில் கேட்கவையுங்கள். இணைய அகராதிகளில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டினால் பெரும்பாலும் இரண்டு நாட்டு உச்சரிப்பும் கிடைக்கும். ஃபோன் உரையாடலில் மட்டும் ஸ, ஃப ஒலிகளைச் சோதிக்கவேண்டாம். பழைய பாணித் தொலைபேசி இணைப்பு 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டிவிடும், இந்த இரண்டு ஒலிகளின் அடையாளமோ பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. தாய்மொழிக்காரர்களே ஃபோனில் எழுத்து எழுத்தாகச் சொல்லிச் சரிபார்ப்பது இதனால்தான். இன்னொன்று, மற்ற எல்லா ஜோடியிலும் தேறிய பிள்ளை ஸ, ஃப, ஷ வரிசையில் மட்டும் எத்தனை நாள் ஆனாலும் நகரவில்லை என்றால், காது மருத்துவரிடம் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். உச்ச சுருதி ஒலிகள் மட்டும் கேட்காத குறை வெளியே தெரியாது.

நான்காம் படி: வாயில் வரவைப்பது

காது தேறியபிறகு வாய்க்கு வரலாம். ப, க, ட வரிசையில் இரண்டு தனித்தனி வேலை இருக்கிறது, பலர் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள்.

ஒன்று, ப³-வைச் சொல்லின் தொடக்கத்துக்குக் கொண்டுவருவது. தமிழிலிருந்தே உருவி எடுங்கள். ‘தம்பி’ என்று சொல்லச் சொல்லுங்கள். அடுத்து, ‘த’ வேண்டாம், ‘ம்ம்பி’ மட்டும். அடுத்து அந்த ‘ம்ம்’ கொஞ்சம் கொஞ்சமாகக் குறையட்டும். கடைசியில் உதடு மூடியிருக்கும்போதே தொண்டை முனகத் தொடங்கி ‘பி³’ என்று திறக்கும். அதனோடு ‘க்³’ சேர்த்தால் பெரியது என்ற சொல் வந்துவிட்டது. ‘தங்கை’யிலிருந்து இதேபோல் ‘ங்கை’, பிறகு ‘கை³’. ஆளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அப்படியே கையில் கிடைக்கிறது. ‘வண்டி’யிலிருந்து ட³. ஆங்கிலத்தில் நாக்கு நம் ட-வுக்குப் போவதுபோல் அவ்வளவு மேலே வளையாது, மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈற்றைத் தட்டினால் போதும்.

இரண்டாவது வேலை, ப-வுக்கு மூச்சு சேர்ப்பது. இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் ப வந்தால் உதடு பிரிந்ததும் ஒரு காற்று புஸ்ஸென்று வெளியே வரும், அதற்குப் பிறகுதான் குரல் தொடங்கும். லீ லிஸ்கர், ஆர்தர் ஏப்ரம்சன் இருவரும் 1964இல் பதினொரு மொழிகளில் இந்த இடைவெளியை அளந்தார்கள், அதில் தமிழும் ஒன்று. ஆங்கில ப-வுக்கு அது சராசரியாக 60 மில்லிசெகண்டை ஒட்டி வந்தது, க-வுக்கு 80ஐ ஒட்டி. தமிழில் அதில் பாதிகூட இல்லை. இதனால் நாம் சுத்தமாக ‘பேர்’ என்று சொன்னாலும் ஆங்கிலேயர் காதில் சில சமயம் ‘பே³ர்’ என்று விழும். பேரிக்காய் கேட்டவரைக் கரடி கேட்டவர்போல் பார்ப்பார்கள்.

மெல்லிய தாள் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுச் சொல்லிப்பார்க்கச் சொல்லுங்கள். ப-வுக்குத் தாள் துள்ளவேண்டும், ப³-வுக்கு அசையக் கூடாது. முன்னால் ‘ஸ்’ வந்தால், ‘ஸ்பின்’ என்பதுபோல, ஆங்கிலத்திலும் மூச்சு வராது. அங்கே நம் ப-வே போதும்.

தொண்டையில் கைவைத்துப் பார்க்கும் வித்தையை எல்லோரும் சொல்வார்கள். அது நீட்டிச் சொல்லக்கூடிய ஒலிகளுக்குத்தான் உதவும். ஸ்ஸ்ஸ், ஸ்³ஸ்³ஸ்³ என்று இழுத்தால் வித்தியாசம் விரலில் தெரியும். ப, க, ட வரிசையில் அடுத்து வரும் உயிரொலி உடனே அதிர்ந்துவிடுவதால் இரண்டுக்கும் கை ஒன்றுபோலத்தான் சொல்லும். அங்கே தாளை நம்புங்கள்.

சொல்லின் கடைசியில்

பே³க், பே³க்³ இரண்டையும் பிரிப்பது கடைசி ஒலி என்று நினைத்து அதையே பிடித்துத் தொங்குவார்கள். ஆங்கிலம் பேசுபவர்களே அந்தக் கடைசி க்³-வை முழுதாக அதிரவிடுவதில்லை. காதுக்கு உண்மையான அடையாளம் அதற்கு முன்னால் உள்ள உயிர். அதிரும் மெய்க்கு முன்னால் உயிர் நீளும், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பையைச் சொல்லும்போது ‘பே³ஏக்³’ என்று இழுங்கள், பின்பக்கத்தைச் சொல்லும்போது ‘பே³க்’ என்று வெட்டுங்கள். குறில், நெடில் என்று பள்ளியிலிருந்தே அளந்து பழகிய தமிழ்க் காது இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். தொப்பியும் டாக்சியும் (கேப், கேப்³), பனிக்கட்டியும் கண்களும் (ஐஸ், ஐஸ்³), எல்லாம் இதே கணக்கு.

இதற்குக் குறுக்கே நிற்பது நம் உகரம். தமிழ்ச்சொல் வல்லினத்தில் முடியாது என்பதால் ‘பேக்கு’, ‘கப்பு’ என்று ஒரு குற்றியலுகரத்தை ஒட்டிவிடுவோம். ஒட்டினால் மெய் இரட்டிக்கும், இரட்டித்தால் அதிராது, போச்சு. கடைசி எழுத்தில் உதட்டையோ நாக்கையோ மூடிய இடத்திலேயே நிறுத்திவிட்டு, மனசுக்குள் இரண்டு எண்ணியபிறகு திறக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நாளில் உகரம் உதிர்ந்துவிடும்.

மற்ற ஜோடிகள்

ஸ்³ என்றாலே ஜீரோ, ஜூ, ஜிப் என்று ஜ-வாக்கிவிடுவது நம் பழக்கம். ஜ-வில் நாக்கு ஒரு கணம் அடைத்துவிட்டுத் திறக்கிறது, ஸ்³ அடைக்கவே அடைக்காது. ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக விடச் சொல்லி, நாக்கை நகர்த்தாமல் குரலை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு செய்தால் உள்ளே வண்டு ரீங்கரிப்பதுபோல் கேட்கும். எழுத்தை நம்பவேண்டாம் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் ‘எஸ்’ எழுத்து பல இடங்களில் ஸ்³ ஆகத்தான் ஒலிக்கும். அன்றாடம் வரும் ‘இஸ்³’, ‘வாஸ்³’, ‘ஹேஸ்³’ மூன்றும் அப்படித்தான்.

ஃப-வும் ப-வும்: ஃப நீளும், ப நீளாது. மேல்பல் கீழுதட்டில் பட்டிருக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மூன்று நொடி ஊதச் சொன்னால் போதும். இது சீக்கிரம் வந்துவிடும்.

‘வி’, ‘டபிள்யூ’ ஜோடி கொஞ்சம் பிடிவாதமானது. வகரம் பல்லும் இதழும் இயையப் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியலே சொல்லிவிட்டது. அந்த இடத்தில்தான் ஆங்கில ‘வி’யும் பிறக்கிறது, பல் இன்னும் சற்று அழுந்தி உரசவேண்டும், அவ்வளவுதான். ‘டபிள்யூ’வில் பல்லுக்கு வேலையே இல்லை. ஊ சொல்வதுபோல் உதட்டைக் குவித்து அங்கிருந்து தாவவேண்டும். மேற்குத் திசையை ‘ஊ… எஸ்ட்’ என்று மெதுவாகச் சொல்லவைத்து வேகத்தைக் கூட்டுங்கள். உள்சட்டையை ‘வெஸ்ட்’ என்று பல்லால் உரசவையுங்கள். கண்ணாடி இல்லாமல் இந்த ஜோடியை எடுக்கவேண்டாம்.

ஷ-வும் ச்ச-வும் (கப்பல், சீவல், பங்கு, நாற்காலி) மாறிப்போகிறவர்களுக்கு மறுபடியும் நீட்டும் சோதனைதான். ஷ்ஷ்ஷ் என்று யாரையாவது அமைதிப்படுத்துவதுபோல் இழுக்கலாம், மற்றதை இழுக்க முடியாது. ஸ-வும் ஷ-வும் குழம்பினால் உதட்டைப் பாருங்கள்: ஸ-வுக்குச் சிரிப்பதுபோல் விரியும், ஷ-வுக்கு முன்னால் குவியும்.

ஐந்தாம் படி: வாக்கியத்துக்குள்

தனிச்சொல்லில் தேறியவர் வாக்கியத்தில் சறுக்குவது சகஜம். அங்கே காது சோம்பேறி ஆகிவிடும், பொருளை வைத்தே ஊகித்துக்கொள்ளும். ஊகிக்க இடம் கொடுக்காத வாக்கியங்களாகத் தேடுங்கள். ‘வேர் இஸ்³ மை கோட்?’ என்று ஒருவர் கேட்கவேண்டும். மேல்சட்டை என்று கேட்டவர் ‘நாற்காலி மேலே’ என்றும், ஆடு என்று கேட்டவர் ‘புல் தின்கிறது’ என்றும் ஆங்கிலத்தில் பதில் சொல்லவேண்டும். கேட்டவர் எதிர்பார்த்த பதில் வராவிட்டால் தன் உச்சரிப்பைத் தானே சரிசெய்வார், நீங்கள் வாயே திறக்கவேண்டாம். இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டால் வகுப்பு கலகலக்கும்.

ஃபோனில் பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒற்றைச் சொல்லுக்கு மட்டும். முழு வாக்கியம் சொன்னால் அதுவும் நம் காதைப்போலவே முன்பின் பார்த்து ஊகித்துவிடும், நீங்கள் தவறாகச் சொன்னாலும் சரியாக எழுதிக்காட்டும்.

அடுத்த ஜோடிக்கு எப்போது?

பயிற்சியில் வராத சொற்களாக ஒரு பத்து ஜோடி ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள். அதே ப/ப³ தான், ஆனால் மாணவர் ஒரு தடவைகூடக் கேட்டிராத சொற்கள், அதையும் கேட்டிராத ஒரு குரலில். பயிற்சி முடிந்து இரண்டு வாரம் அதைத் தொடாமல் விட்டு, அப்புறம் சோதியுங்கள். தேறினால் ஒலியைப் பிடித்துவிட்டார் என்று பொருள், க/க³-வுக்குப் போகலாம். அது இன்னும் சுலபமாக வரும், ஏனென்றால் வித்தை ஒன்றுதான். தேறாவிட்டால் சொற்களை மனப்பாடம் செய்திருக்கிறார், குரல்களைக் கூட்டி மூன்றாம் படியிலிருந்து மறுபடி எடுங்கள்.